புத்தூர் வரைக்கும் ஓடவேண்டும்

மூன்றாவது பற்றரியில் கம்பியை வைத்ததும் மீற்றரில் எண் மளமளவென்று இறங்கியது.

“இதுவும் செத்துப் போட்டுது மாமி,” என்றாள் ஜெயனி.

குருநகரில், வலை காயப்போட்ட கொடிக்குக் கீழே, இருக்கை கழற்றப்பட்ட பழைய இலெக்ட்ரிக் பைக் நின்றது. மருமகளுக்கு எதிரே குந்தியிருந்த அருமைநாயகி, கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கிச் சிரட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடாத பைக் என்று சொல்லித்தான் விற்றார்கள். இரும்பு விலைக்குக் கிடைத்ததால்தான் அருமைநாயகியால் வாங்க முடிந்தது.

மோட்டர் எரிந்துவிட்டது என்றார் ஒருவர். மூளைப்பெட்டி போய்விட்டது, அதை மாற்றுவதற்குப் புதிய பைக்கே வாங்கலாம் என்றார் இன்னொருவர். யாழ்ப்பாண நகரில் கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்யும் ஜெயனி இரண்டையும் நம்பவில்லை. கடை மீற்றரைக் கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள்.

கடைசியில், பிரேக் பிடிக்குள் இருந்த பொத்தான் அளவான சுவிட்ச்தான் குற்றவாளி. உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போய், யாரோ எந்நேரமும் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதாக மோட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் பின்சில்லு சத்தமே இல்லாமல் சுழன்றது. அருமைநாயகி கையைத் தட்டிச் சிரித்தாள்.

ஆனால் தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் பைக் படுத்துவிட்டது. அதனால்தான் இப்போது பற்றரிச் சோதனை.

ஐந்தில் இரண்டு செத்திருந்தன. ஐந்தையும் புதிதாக வாங்க வழியில்லை. விபத்தில் நொறுங்கிப்போன ஒரு பைக்கிலிருந்து நல்லதாக இரண்டைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள் ஜெயனி.

பக்கத்து வீட்டு லவீனா வேலிப் படலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். “சந்தைக்குப் போய்வர உது காணுந்தானே அக்கா?”

“காணாது. புத்தூர் போய் வரோணும்.”

“புத்தூரிலை ஆர் இருக்கினம் உங்களுக்கு?”

அருமைநாயகி சிரட்டையைக் குலுக்கி ஒரு ஆணியைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கை வெளியே எடுத்தாள். தனியாகத்தான். இரண்டு பேர் ஏறினால் பழைய பற்றரி இழுக்காது. ஜெயனி இருக்கைக்குக் கீழே சார்ஜரை வைத்து மூடினாள்.

“வழியிலை நிண்டால் எனக்குக் கோல் அடியுங்கோ. தள்ளிக்கொண்டு போகாதையுங்கோ.”

கல்வியங்காடு வரை பயமாக இருந்தது. இருபாலையில் கை பழகியது. கோப்பாய் தாண்டியதும் பயம் போய், முகத்தில் காற்று அடிப்பது பிடித்துப்போயிற்று. பஸ்ஸைக் காத்து நிற்க வேண்டாம். யாரையும் ஏற்றிப்போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். நினைத்த நேரம் போகலாம், வரலாம். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே எதிர்காற்று பிடித்தது. பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவள் வேகத்தைக் குறைத்தாள். சாரத்தை மடித்துக்கட்டிய கிழவர் ஒருவர் சைக்கிளில் அவளை முந்திக்கொண்டு போனார்.

புத்தூர்ச் சந்தியில் திரும்பும்போது ஒரேயொரு கோடுதான் மிச்சம். அதுவும் சிவப்பு.

வந்தாயிற்று. ஆனால் திரும்பிப் போக முடியாது. இந்த வீட்டுக்குத் தனியாக வருவது இதுதான் முதல்முறை. வந்த உடனேயே கரண்ட் கேட்பதா? பைக்கை வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

வீட்டுக்காரன் ஜெயசுதன் தோட்டத்துச் சேற்றுக் காலோடு ஓடிவந்தான். பைக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போய் விறாந்தை ஓரமாக நிறுத்தினான். அங்கே வெளிச்சுவரில் புதிதாக ஒரு பிளக் பொயின்ற் இருந்தது. சுற்றிப் பூசிய சீமெந்து இன்னும் ஈரம் காயவில்லை.

“பைக் வாங்கினதை ஜெயனி சொன்னா. உங்களுக்கெண்டுதான் பூட்டினனான். வரேக்கையெல்லாம் இதிலை கொழுவிவிடுங்கோ.”

“பின்னேரம் வரைக்கும் எடுக்கும் தம்பி.”

“எடுக்கட்டும். சாப்பிட்டிட்டு ஒரு நித்திரை கொள்ளுங்கோவன்.”

வேலிக்கு அப்பால் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “ஜெயசுதன், ஆர் வந்திருக்கிறா?”

இந்தக் கேள்விக்குத்தான் அருமைநாயகி இத்தனை நாளும் பயந்திருந்தாள்.

அடுத்த மாதம் ஜெயனி இந்த வீட்டுக்கு வாழ வருகிறாள். ஜெயசுதனைப் பார்த்துப் பேசி, வேண்டாம் வேண்டாம் என்று அழுதவளைச் சம்மதிக்க வைத்ததும் அருமைநாயகிதான். ஆனால் கடலுக்குப் போய்த் திரும்பாத தன் மகன் எமில்ராஜின் மனைவியை மணமுடிக்கிறவனின் வீட்டு முற்றத்தில் ஒரு தாய் என்ன முறை சொல்லி நிற்பாள்? அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

“என்ரை மாமி,” என்றான் ஜெயசுதன், சார்ஜரைக் கொழுவிக்கொண்டே.

அருமைநாயகி தலைக்கவசத்தைக் கழற்றினாள். கலைந்த மயிரை ஒதுக்கிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டு, சமையல் மணத்த குசினிப் பக்கம் போனாள்.