ஐந்து நட்சத்திர டீச்சர்

"இனிமே அந்த டாக்டர் மாத்திரையை எடுத்துக்கிட்டு என் முன்னால வராதீங்க. என் உடம்புக்கு எது வேணும்னு நான் பார்த்துக்கறேன்."

மனைவி சத்தம் போடாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவை நழுவியது. கடைசியில் கணவரே குனிந்து கோத்துக் கொடுத்தார்.

அவளுக்கு மூட்டுவாதம் என்று தெரிந்து இரண்டு வருடமாகிறது. மாத்திரையை விட்டால் விரல்கள் கோணி அப்படியே நின்றுவிடும், அப்புறம் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினெட்டு வருடமாகத் தைத்துப் பிழைக்கிற கை அது. அவளோ ஒன்றரை மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, பச்சை டப்பாவில் வரும் மூலிகை கேப்ஸ்யூலை வேளைக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளை ஏமாளி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரசாயன உரம் போடாத காய்கறி என்று போர்டு மாட்டியிருக்கும் கடையில், எந்தத் தோட்டம், என்றைக்குப் பறித்தது என்று அவள் துருவித் துருவிக் கேட்டதில், கடைக்காரர் நேராகத் தோட்டக்காரருக்கே போன் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். அவள் வாங்கி வரும் எதையும் கணவர் இதுவரை குறை சொன்னதில்லை.

இந்தப் பச்சை டப்பா வந்ததிலிருந்துதான் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறை மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பது அவர் பிழைப்பு. பேசி ஜெயிக்கிற சாமர்த்தியம் கிடையாது. நயமாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அவளுடைய அக்காவை வரவழைத்தார். தங்கைக்குப் புத்தி சொல்ல வந்த அக்கா, சாயங்காலம் கிளம்பும்போது தனக்கும் இரண்டு டப்பா வரவழைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சரி, இரண்டையும் சேர்த்தாவது சாப்பிடு என்று கெஞ்சினார். சேர்த்துச் சாப்பிட்டால் எதில் குணமானது என்று எப்படித் தெரியும் என்று மடக்கினாள். காசு கொடுத்து வாங்குகிறவளுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா இல்லையா என்றும் கேட்டாள். உண்டு என்றார். அதில் அவருக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

"அப்புறம் உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"வீக்கம் கூடியிருக்கே. உனக்குத் தெரியலையா?"

"எட்டு வாரம் பொறுக்கணுமாம். இது ஆறாவது வாரம்."

"யாரு சொன்னாங்க, எட்டு வாரம்னு?"

அவள் செல்போனை எடுத்தாள். கேப்ஸ்யூல் விற்கிற பக்கத்தில், வாங்கினவர்கள் எழுதின கருத்துகள் வரிசையாக இருந்தன. அவள் நம்பியது அதில் ஒன்றைத்தான். யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார். அதை நிதானமாக வாசித்தாள்.

"'காலையில் பேஸ்ட் மூடியைத் திறக்க என் விரல்களுக்குத் தெம்பு இருக்காது. வீட்டில் யாரும் பார்க்காதபோது பல்லால் கடித்துத் திறப்பேன். திறந்ததும் ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து நிற்பேன். எட்டே வாரத்தில் அந்தக் கஷ்டமெல்லாம் போய்விட்டது.'"

அதோடு நிறுத்திச் செல்போனை மெஷின் மேல் வைத்தாள்.

"நான் செய்யறது அப்படியே இருக்குங்க. இதை உங்ககிட்டகூடச் சொன்னதில்ல. டாக்டருக்கு என் எக்ஸ்ரேதான் தெரியும். என் வலி இவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அனுபவிக்காத ஒருத்தரால இப்படி எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, வீங்கியிருந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"முடியும்மா. கம்பெனி கேட்டா, பேரை மாத்தி மாத்தி மாசம் நாப்பதுகூட எழுத முடியும். நீ சுவர்ல சாஞ்சு நிக்கறதைத் தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். அந்த டீச்சர் நான்தான்."