சம்பந்தியின் ரோபோ

"எனக்கெல்லாம் ரோபோதான் ஆபரேஷன் பண்ணிச்சு" என்றார் சம்பந்தியம்மா, சோபாவில் நன்றாகச் சாய்ந்தபடி.

டீச்சரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்புக்கு முடியாதவளைப் பார்க்க வந்த இடத்தில் இப்படியா பீற்றிக்கொள்வது?

டீச்சரம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னும் தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் எச்சரித்தும், ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். மகன் கெஞ்சிப் பார்த்தான். மருமகள் அழுதே பார்த்தாள். பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று சாக்குச் சொல்லியே மாதங்களை ஓட்டிவிட்டார். உள்ளுக்குள் இருந்ததெல்லாம் பயம்தான்.

"எனக்கும் இதே பித்தப்பைக் கல்லுதான். போன வருஷம் என் பையன் ஊருக்குப் போயிருந்தேனே, அங்கதான் பண்ணினாங்க. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. ஆனா அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும் சம்பந்தி. எல்லாராலயும் முடியாது."

அந்தக் கடைசி வார்த்தை போதாதா? சம்பந்தியம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதும் கார் லைசென்ஸ் எடுத்தவர் டீச்சரம்மா. அவர் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு, இவரும் மூக்கில் தண்ணீர் ஏற ஏற நீந்திப் பழகியவர்.

மறுநாள் காலையிலேயே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ரோபோ வேணும் டாக்டர். எங்க சம்பந்திக்குப் பண்ணினதைவிடப் பெருசா இருந்தா நல்லது."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். ரோபோ தானாக எதையும் வெட்டாது. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்து அதன் கைகளை இயக்குவார். லேப்ராஸ்கோப்பியில் கருவிகளை டாக்டரே கையில் பிடித்திருப்பார். இரண்டிலும் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே ஒரு கேமரா. டீச்சரம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பியே தாராளமாகப் போதும், குணமாவதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

டீச்சரம்மா யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அவங்களுக்கு மெஷினோட கை. எனக்கு டாக்டரோட சொந்தக் கை. அப்போ அதையே பண்ணிடுங்க."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. 'எல்லாராலயும் முடியாது' ஞாபகம் வந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே உள்ளே போய், கல்லை எடுத்துக்கொண்டு நல்லபடியாக வெளியே வந்தார்.

சம்பந்தியம்மா பார்க்க வந்தபோது, கற்கள் இருந்த சின்ன டப்பாவைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா? உங்க கல்லு எங்க?"

"அதை ரோபோவே வச்சுக்கிச்சு."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது, இழுத்தால் இன்னும் சிரிப்பு வந்தது. தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு ஒருவழியாக மூச்சு வாங்கினார்.

"எனக்கு நாலு தழும்பு. உங்களுக்கு எத்தனைன்னு காட்டுங்க."

அதெல்லாம் மறைந்துவிட்டது என்று மழுப்பினார் சம்பந்தியம்மா. டீச்சரம்மா விடுவாரா? ரோபோவானாலும் துளை துளைதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மருமகளைக் கூப்பிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னார். மருமகளோ தன் அம்மாவைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள்.

இனி தப்பிக்க வழியில்லை. சம்பந்தியம்மா மெதுவாகத் துணியை விலக்கினார். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"எனக்குக் கல்லும் இல்ல, ரோபோவும் இல்ல. ஊசியைப் பாத்தாலே மயங்கி விழறவ நான்."

டீச்சரம்மாவின் கையில் டப்பா ஆடாமல் நின்றது. "அப்புறம் எதுக்கு அவ்வளவு பெரிய பொய்?"

சம்பந்தியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெஞ்சினா நீங்க கேக்க மாட்டீங்க, போட்டின்னா விடமாட்டீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் நான் யாரோட போட்டி போடறது சம்பந்தி?"