பேட்டரி தாங்குமா?

“பேட்டரி தாங்கும்னு நீ எனக்குக் காட்டாம, பிள்ளைங்களை உன்கூட மலைக்கு அனுப்ப மாட்டேண்ணே.”

தங்கை காருக்கு முன்னால் மறித்து நின்றாள். வாடகைக் கார் ஓட்டியே தலை நரைத்த அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் மலையுச்சிக்கு அழைத்துப் போவதாக அவளுடைய பிள்ளைகள் இருவருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“ரெண்டு நாளா இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகுது. அதுக்காக அதுக்கு மாலை போட்டுடுவியா? உன் ஸ்கூல் பரீட்சையெல்லாம் எங்கிட்ட வேணாம் டீச்சரம்மா.”

“பாஸானா மறுபேச்சு பேச மாட்டேன். கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னா, உள்ள இருக்கிறது என் பிள்ளைங்க.”

அவர் வீம்புடன் முன்மூடியைத் திறந்தார். விரல்கள் பேட்டரியின் பக்கங்களை நிதானமாக வருடின.

“உப்பல் இல்ல. வெந்துபோன பேட்டரின்னா வயிறு வீங்கிக் கிடக்கும். மேல தேதி அடிச்சிருக்கும், நீயே படி. அப்பதான் நம்புவே.”

“ரெண்டு வருஷம் ஆகுது.”

“நாலு வருஷம் உழைக்கிற சாமான். இது இன்னும் வாலிபன்.”

இணைப்பு முனையைத் தொட்டதும் அவர் சிரித்தார். உப்புப் போலப் பூத்திருந்த பொடி விரலில் ஒட்டியது. கம்பியின் கவ்வியும் தளர்ந்து ஆடியது.

“பாத்தியா, கரண்ட் போற வழி அடைச்சுக் கிடக்கு. பழி மட்டும் பேட்டரி மேல.”

வெந்நீரால் கழுவித் துடைத்து, கவ்வியை இறுக்கிவிட்டு இருக்கையில் போய் அமர்ந்தார்.

“ஸ்டார்ட் பண்றேன். முன்விளக்கு மங்குதான்னு பாரு.”

முதல் திருப்பலிலேயே இயந்திரம் உறுமியது.

“மங்கலைண்ணே.”

“சத்தமே சொல்லுதே.”

“வோல்ட் மீட்டர் வெச்சும் பார்த்துடு.”

“விடமாட்டியே நீ. அணைச்சுக் கொஞ்சம் ஆறட்டும். சூட்டோட பார்த்தா பொய் சொல்லும்.”

சற்று நேரம் கழித்து, கருவிப்பெட்டியிலிருந்த மீட்டரை அவளே எடுத்து நீட்டினாள். அவர் அதன் குமிழைத் திருப்பி, இரு முனைகளையும் தடவிப் பார்த்து ஊசிகளை வைத்தார். திரையருகே முகத்தைக் கொண்டுபோனார்.

“பன்னிரண்டு புள்ளி ஆறு. நிறைகுடம்.”

அவள் எட்டித் திரையைப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை நல்லாப் பாருண்ணே.”

“அதே பன்னிரண்டு புள்ளி ஆறுதான். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அசையாது. இப்பவாவது நம்புறியா?”

“பேட்டரியை நம்புறேண்ணே,” என்றவள், அவர் கையிலிருந்த கார் சாவியை மெல்ல எடுத்துக்கொண்டாள். “மலைக்கு அப்புறம் போகலாம். முதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்.”

காலையிலேயே அவள் உள்ளிருந்த செல்லைக் கழற்றிவிட்டிருந்த அந்த மீட்டரின் திரையில், எந்த எண்ணும் இல்லை.