டெலன் என்றால் இதழ்

“குழந்தைக்கு ஸ்டெரன்னு வைக்கலாமா? நட்சத்திரம்னு அர்த்தம்” என்றாள் லவ்டே.

பாஸ்கோ தலையை ஆட்டினான். வேண்டாம்.

“எலோவென்? எல்ம் மரம். கேக்கவே இதமா இருக்கு.”

அதற்கும் தலையாட்டல்தான்.

“சரி. உங்க பொண்டாட்டி ஆசைப்படற டெலன்?”

பாஸ்கோ வாயைத் திறந்தான். எதையோ விழுங்கியவன்போல் மூடிக்கொண்டான். “அப்புறம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய்விட்டான்.

“பாத்தியாடி?” என்று தங்கை மெரினிடம் திரும்பினாள் லவ்டே. “குழந்தை பொறந்ததுலேர்ந்து இதே ‘அப்புறம்’தான்.”

மெரின் குழந்தையின் காலை வருடியபடி சிரித்தாள்.

பிரசவத்துக்குத் துணையாக லவ்டே பிளிமத்திலிருந்து வந்தவள். நண்டு பிடிக்கும் இந்த மாப்பிள்ளை அவளோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. இவர்கள் கல்யாணம் செய்துகொண்டதுகூட யாரையும் கூப்பிடாமல்தான்.

“அப்படி என்ன கர்வம்? பேசினா முத்து உதிர்ந்துடுமா?”

“அவரு அப்படித்தான், அக்கா.”

“படகுக்கு ஒரு பையன் வேணும்னு நெனச்சிருப்பாரு. பொண்ணா போச்சு. அதான் பேரு வைக்கக்கூட மனசு வரலை.”

மெரினின் பார்வை ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரத்தில் இருந்தது.

குழந்தை பிறந்த காலையில் அந்த மரம் முழுக்கப் பூத்திருந்தது. ஜன்னல் வழியே காற்று வந்தபோது இதழ்களும் கூடவே வந்தன. போர்வையில், தலையணையில், மெரினின் கூந்தலில். ஒன்று மட்டும் குழந்தையின் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டது. அரைத்தூக்கத்தில் கிடந்த மெரின், “டெலன்” என்று முணுமுணுத்தாள். அந்தக் கரையோரத்து மக்கள் முன்பு பேசிய கார்னிஷ் மொழியில் இதழ் என்று அர்த்தம். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் நின்றிருந்த பாஸ்கோவின் முகம் அப்போதுதான் வெளுத்தது. லவ்டே அதைக் கவனித்தாள். மனதில் குறித்தும் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பிற்பகலும் அவன் கரைக்குப் போவதையும் அவள் கவனித்தாள். மூடுபனியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் ஓரத்தில் தனியாக நிற்பான். பச்சைக் குழந்தையையும் பெண்டாட்டியையும் விட்டுவிட்டு அங்கே என்ன வேடிக்கை?

சனிக்கிழமை லவ்டேயின் பொறுமை தீர்ந்தது.

“நாளைக்கு ஞானஸ்நானம். பாதிரியார் எல்லார் முன்னாடியும் பேரைக் கேப்பாரு. அப்பன்தான் சொல்லணும். இவரு மரம் மாதிரி நின்னா ஊரே சிரிக்கும். ஞானத்தாய் நான் இருக்கேன். டெலன்னு நானே சொல்லிடறேன்.”

கதவருகே ஏதோ சத்தம். நண்டுக் கூடையோடு பாஸ்கோ நின்றிருந்தான். லவ்டேயை ஒரு கணம் பார்த்தான். கூடையைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே கரைக்கு இறங்கினான்.

“கோபம் மட்டும் வருது” என்றாள் லவ்டே.

“நீ சொல்லிடாதே, அக்கா” என்றாள் மெரின். அவள் குரலில் அதுவரை இல்லாத உறுதி. “எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. அவரே சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை, குன்றின்மேல் இருந்த சின்னக் கல் கோயிலுக்குள் கடல்பனி மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. மெழுகுவத்திகள் பஞ்சுக்குள் எரிவதுபோலத் தெரிந்தன. பாதிரியார் குழந்தையைக் கையில் வாங்கினார். அது கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தது.

“இந்தக் குழந்தைக்கு என்ன பேரு?”

எல்லோரும் பாஸ்கோ பக்கம் திரும்பினார்கள். லவ்டே உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். மெரினின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.

பாஸ்கோ ஓரடி முன்னால் வந்தான்.

“டெ...”

நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது.

“டெ... டெ...”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அதட்டி அடக்கினார்கள்.

அத்தனை ‘அப்புறம்’களுக்கும் அர்த்தம் லவ்டேக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பேர் அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. சொல்ல அரை நொடி போதும். அவள் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

பாஸ்கோ கண்ணை மூடினான். மூச்சை இழுத்து, மெதுவாக விட்டான்.

“டெலன்.”

ஒரு பிசிறில்லாமல், முழுசாக வந்தது.

பாதிரியார் குழந்தையின் நெற்றியில் தண்ணீரைத் தொட்டு வைத்தார்.

திரும்பும் வழியில் பாஸ்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பனிக்குள் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அவ்வப்போது, “டெலன்... டெ... டெலன்” என்று குரல் மட்டும் வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி” என்றாள் லவ்டே.

“திக்கறது யாருக்கும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. கரையில நின்னு தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினாரு.”

“இவ்ளோ கஷ்டப்படணுமா? எலோவென்னா அவருக்கு சுலபமா வந்திருக்குமே?”

“வரும். அன்னைக்கே சொன்னேன், எனக்கு எலோவென்னே போதும்னு.”

“அப்புறம்?”

மெரின் முன்னால் போகிறவனையே பார்த்தாள்.

“‘உன் வாயில தானா வந்த பேரு அது. மாத்தாதே, நான் கத்துக்கறேன்’னாரு, அக்கா.”