சிலைக்கு ஒரு முகம்

"நாப்பது போட்டோவிலயும் அம்மாவுக்குப் பாதி முகம்தாங்க இருக்கு. மீதியை உங்க தோள் மறைச்சிடுது" என்றார் தெனாலிச் சிற்பி வீரபிரம்மம்.

முன்னாள் மந்திரி கோடேஸ்வரராவ் ஆல்பத்தை மறுபடி புரட்டினார். மேடை, மாலை, ரிப்பன், எல்லாவற்றிலும் அவர் முன்னால், மனைவி அனசூயம்மா பின்னால். கட்சிக்காரர்கள் அப்படித்தான் நிற்க வைப்பார்கள். 'முன்னால வா' என்று அவரும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்லலாமென்றால் ஆளில்லை.

ஆண்டுத் திதிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நெல்லூர்ப் பக்கம் ஊருக்கு நாலு சிலை உண்டு. பெண்ணுக்குச் சிலை அபூர்வம். அனசூயம்மாவுக்கு வேண்டுமென்று பெண்கள் சங்கமே மல்லுக்கட்டி இடம் வாங்கியிருந்தது. முகம் பிசகினால் கோடேஸ்வரராவால் தாங்க முடியாது.

"இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தீங்க, வாயாலயாவது சொல்லுங்க. மூக்கு கூரா, மொண்ணையா?"

"கூரு... இல்லய்யா, இரு..." ராவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் சங்கத் தலைவி சிட்டெம்மா, முந்தானையில் பொத்திய படத்தோடு உள்ளே வந்தாள்.

"ஐயாகிட்ட காட்டாதீங்கடின்னு அக்கா சத்தியம் வாங்கியிருந்தாங்க. ஆனா முகம் மாறிடக் கூடாதுல்ல? நீங்களே பாருங்க."

நேருக்கு நேராக முழு முகம். நெஞ்சோடு பிடித்த ஒரு சிலேட்டு. அப்படியொரு துணிச்சலான சிரிப்பை வீட்டில் அவர் பார்த்ததே இல்லை.

"இவதான்யா என் அனசூயா!" ராவ் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "ராத்திரிப் பள்ளிக்கூடத்துல உங்களுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் கொடுத்தாளே, அப்ப எடுத்ததா?"

சிட்டெம்மா தயங்கினாள். "எழுத்து சொல்லிக் கொடுத்தது அக்காதான். ஆனா இது போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்ததுங்க. சாராயக் கடையை மறிச்சப்ப எங்க பதினெட்டுப் பேரைப் பிடிச்சாங்க. சிலேட்டுல இருக்கிறது கைதி நம்பர்."

"அவளையுமா? யாரு வீட்டுப் பொம்பளைன்னு சொல்லலையா?"

"பேரையே மாத்திச் சொல்லிட்டாங்க. 'நான் யாருன்னு தெரிஞ்சா என்னை மட்டும் விட்டுடுவாங்கடி'ன்னாங்க. மூணு நாள் எங்களோடதான் உள்ள கிடந்தாங்க."

"அம்மா வீட்டுக்குப் போறேன்னுல்ல சொன்னா..." என்று ராவ் முணுமுணுத்தார்.

வீரபிரம்மம் மெல்லக் கேட்டார்: "சிலேட்டை எடுத்துட்டு, கையில ஒரு தாமரைப்பூ வச்சிடலாங்களா?"

"வேண்டாம். சிலேட்டு இருக்கட்டும். நம்பரும் இருக்கட்டும்."

அந்த வருஷம் சாராயத் துறைக்கு மந்திரி அவர்தான். கடையை மறிக்கிற பெண்களில் ஒருத்தியைக்கூட விடாமல் உள்ளே தள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.