பாதிப்பு என்னும் பத்தி

மார்க்கரை அவள் கையில்தான் கொடுத்தார்கள்.

“பயப்படாம எழுதுங்க மேடம். காலைல சொன்னதுதானுங்க” என்றார் பயிற்சியாளர் அருளானந்தம்.

வெள்ளைப் பலகை முழுக்க, மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பிரித்த பத்திகள். ஒவ்வொன்றின் தலையிலும், இணையத்தில் தாக்க வருபவன் அந்தக் கட்டத்தில் எதை அடைய நினைக்கிறான் என்பது. அதன் கீழே, எந்த வழியில் அடைகிறான் என்பது.

நோட்டம் பார்ப்பது. உள்ளே நுழைவது. இயக்க வைப்பது. பரவுவது. பாதிப்பு.

கோவையில் இரண்டு நாள் வகுப்பு. இந்த அட்டவணையை அவள் இன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். மதியத்துக்குள் உண்மைச் சம்பவம் ஒன்றைத் தாளில் கொடுத்து, வகைப்படுத்தச் சொல்லிவிட்டார்கள்.

தாளில் ஊர் இல்லை. பெயர் இல்லை.

ஒரு மருத்துவமனை. ‘ஸ்கேன் ரிப்போர்ட் அவசரம்’ என்று ஒரு மெயில். நாற்பத்திரண்டு கணினிகள். பதினொரு நாள் முடக்கம்.

இரண்டாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அது அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை. அந்த மெயிலைத் திறந்தது அவள்.

யார் திறந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார்கள் நிர்வாகத்தில். வெளியே மூச்சு விடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, கற்றுக்கொண்டு வா என்று இங்கே அனுப்பினார்கள்.

வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

“உள்ள எப்படி வந்தான்?” என்று கேட்டார் அருளானந்தம்.

‘பிஷிங், ஏமாற்று மெயில்’ என்று எழுதினாள்.

“அதை இயக்கி விட்டது யாரு?”

‘பயனரே திறந்தது.’

எழுத்து நேராகவே வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“எந்தப் புண்ணியவானோ!” என்றார் பின்வரிசையில் ஒருவர். வகுப்பு சிரித்தது.

அவளும் சிரித்தாள்.

கடைசிப் பத்தி. பாதிப்பு.

‘கோப்புகள் பூட்டப்பட்டன.’ ‘சேவை நின்றது.’

“ரொம்பச் சரிங்க. அவ்வளவுதானுங்களா?”

அவள் மார்க்கரை மூடாமல் நின்றாள்.

முடக்கத்தின் இரண்டாம் நாள் சென்னியப்பன் என்பவரைக் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகக் கொண்டுவந்தார்கள். எந்த ஊசி அவர் உடம்புக்கு ஆகாது என்பது கணினியில் இருந்தது. போன வருடம் அதைச் சிவப்பு எழுத்தில் ஏற்றியவளும் அவள்தான். அவர் மனைவிக்கு மருந்தின் பெயர் நினைவில்லை.

“போன தடவை எழுதி வெச்சீங்கல்லங்க, அதைப் பாருங்க.” அந்த அம்மாள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

பார்ப்பதற்குத் திரையில் ஒன்றும் இல்லை. காத்திருக்கவும் நேரம் இல்லை. அதே ஊசியைப் போட்டுவிட்டார்கள்.

அவள் அப்போது மாடியில், அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் வந்து அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நினைவு வந்திருக்குமா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

மார்க்கரைத் திரும்பவும் பலகையில் வைத்தாள். ‘சேவை நின்றது’ என்பதற்குக் கீழே எழுதினாள்.

சென்னியப்பன், 58.

அருளானந்தம் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

“இதுல அப்படி ஒரு பேரு இல்லீங்களே மேடம். யாருங்க இது?”

“செத்துப்போனவருங்க சார்.”

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. வகுப்பின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கு இதுல கட்டம் இல்லீங்கம்மா.”

அந்த ஒரு வரியை மட்டும் துடைத்தார். மெதுவாகத்தான் துடைத்தார்.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண். பலகையில் இருந்ததையெல்லாம் பிசகாமல் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கடைசி வரி உட்பட.

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

அளவுகோலை எடுத்து வைத்து, அந்தப் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.