நாலு விநாடி மௌனம்

"அந்த மனுஷனுக்குப் புத்தி பிசகிடுச்சா? காலி மைதானத்துல யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாரு?"

போனில் டி.வி. தயாரிப்பாளர். இந்தப் பக்கம் டனூட்டா. ஸ்டேடியத்தின் நிர்வாகி என்று பெயர்தான். இந்தக் கேள்வியைக் கிளப் தலைவர் காலையிலேயே கேட்டுவிட்டார்.

மார்ச்சில் தொற்றுக்குப் பயந்து நின்றுபோன கால்பந்து லீக், மே கடைசியில் மறுபடி தொடங்கியிருந்தது. பந்து உண்டு, ஆட்டக்காரர்கள் உண்டு. பார்வையாளர் மட்டும் கிடையாது. டி.வி.யில் பழைய ஆட்டங்களின் கூச்சலைப் பதிவிலிருந்து எடுத்து ஒட்டிச் சமாளித்தார்கள்.

சமாளிக்க முடியாத ஆள் அறிவிப்பாளர் லேஷெக்தான்.

கோல் விழுந்தால் அவர் மைக்கில் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரைக் கூட்டம் சொல்லும். மூன்று தடவை. பத்தொன்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

இப்போது கூட்டம் இல்லை. ஆனாலும் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரர் கோல் போட்டால் லேஷெக் "இகோர்..." என்பார். நாலு விநாடி சும்மா இருப்பார். மறுபடி "இகோர்..." அந்த நாலு விநாடியும் ஒட்டுக் கூச்சலுக்கு நடுவே ஓட்டைப் பல் மாதிரி தெரிந்தது. யாரோ அதை வெட்டியெடுத்து, 'ஆவிகளோடு பேசும் லேஷெக்' என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். ஊரே சிரித்தது.

டனூட்டா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அந்த நாட்டில் ஐயாவுக்குப் 'பான்', அம்மாவுக்குப் 'பானி'.

"பான் லேஷெக், முழுப் பேரையும் நீங்களே சொல்லிடுங்களேன். வாய் வலிக்குமா?"

"பாதிப் பேர்தாங்க என்னோடது. மீதி அவங்க சொல்ல வேண்டியது."

"எவங்க?" டனூட்டா ஜன்னல் வழியே பார்த்தாள். பன்னிரண்டாயிரம் நீல நாற்காலிகள். "நாற்காலிங்களா?"

லேஷெக் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக் கொண்டார். உள்ளே சிரித்தாரோ என்னவோ.

"இன்னொரு தடவை பாதிப் பேர்ல நிறுத்தினா வேலை போயிடும். தலைவர் தெளிவா சொல்லிட்டார். இந்த வேலையில்லாம உங்களால இருக்க முடியுமா?"

"முடியாதுங்க" என்றார் லேஷெக் உடனே. அவ்வளவுதான். வாக்கு எதுவும் கொடுக்காமல் எழுந்து போனார்.

பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற ஆளை என்ன செய்வது?

அடுத்த ஆட்டத்தில் முப்பத்தோராவது நிமிஷம் கோல். முதல் பெயர். நாலு விநாடி மௌனம்.

இடைவேளையில் டனூட்டா வேலை நீக்கக் கடிதத்தோடு படியேறினாள். கிழக்கு மாடத்தின் உச்சியில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது அறிவிப்பாளர் அறை. அவள் அங்கே வந்தே வருஷங்கள் ஆகியிருந்தன.

"இரண்டாம் பாதிக்கு நானே மைக் பிடிக்கிறேன். நீங்க கிளம்பலாம்."

லேஷெக் கடிதத்தைப் படித்தார், மடித்துப் பையில் வைத்தார். கிளம்பாமல், பின்பக்க ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

"ஐயோ, மூடுங்க. முதுகுல காத்து அடிச்சா எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்."

"ஒரு கோல் வரைக்கும் திறந்திருக்கட்டும், பானி டனூட்டா. கழுத்துக்கு நான் பொறுப்பு."

அந்தக் கோல் எண்பத்து நாலாவது நிமிஷம் விழுந்தது. டனூட்டா மைக்கை எடுத்தாள்.

"ஒன்பதாம் நம்பர்... இகோர்..."

'ராடொமின்ஸ்கி' என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"ராடொ... மின்ஸ்கி!"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். ஒன்றல்ல, பல.

திரும்பினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் தொற்றுநோய் மருத்துவமனை. மூன்றாவது மாடி ஜன்னல்களில் பைஜாமாவோடு ஏழெட்டுப் பேர். ஒருவர் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி. அதில் கிளப்பின் நீலத் துண்டு கட்டியிருந்தது. கடைசி ஜன்னல்காரர் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். எல்லோரும் முடித்த பிறகு, நிமிர்ந்து தன் பங்குக்கு "...மின்ஸ்கி" என்றார்.

டனூட்டா மைக்கை அணைத்தாள்.

"நம்ம ஆட்டம் வர்ற சேனல் அங்க கிடையாது. ஒலிபெருக்கியை வச்சுத்தான் ஆட்டம் பார்க்கிறாங்க" என்றார் லேஷெக்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க டி.வி.காரன்கிட்ட சொல்வீங்க. அவன் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஜன்னலுக்குக் கீழ வந்து நிப்பான். பைஜாமாவோட நிக்கிறவங்களை நாடே பார்க்கணுமா?"

டனூட்டாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. இன்னும் இரண்டு தடவை பாக்கி இருந்தது.

மைக்கை முடுக்கினாள். "இகோர்..." என்றாள். காத்திருந்தாள். இருமல்காரர் முடிக்கிற வரைக்கும் மூன்றாவதை ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் டி.வி. நிறுவனத்திலிருந்து காட்டமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. 'ஆளை மாற்றியும் அதே தவறு. நாலு விநாடி மௌனம் குறித்து உடனடி விளக்கம் தேவை.'

டனூட்டா விளக்கம் எழுதினாள்.

'தவறுதான். நாலு விநாடி போதவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து ஆறு விநாடி விடும்படி எங்கள் அறிவிப்பாளர் லேஷெக்கிடம் சொல்லியிருக்கிறேன்.'